தவக்காலத்தில் காபியை விட்டால் கடவுளுக்கு என்ன கிடைக்கிறது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: ஊர் தூத்துக்குடிப் பக்கம், வேலை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில், தங்கியிருப்பது ஒரு பிஜியில். ஊரில் அம்மா தவக்காலம் முழுக்க, அதாவது திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, கறியைத் தொடமாட்டார். உங்கள் மெஸ்ஸிலோ வெள்ளிக்கிழமை இரவு தவறாமல் சிக்கன் பிரியாணி. கறியை விடுவது நடக்காது என்று காபியை விட்டீர்கள். இரண்டாம் நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி, மூன்றாம் நாள் ரூம்மேட்டோடு சண்டை, நான்காம் நாள் மறுபடியும் காபி. "இது பாவமா? பிடித்ததை விடுவதால் கடவுளுக்கு என்ன லாபம்?" என்று கேட்கிறீர்கள். பாவமா என்ற கேள்விக்குத் திருச்சபைச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. உங்களை உண்மையில் உறுத்துவது இரண்டாவது கேள்வி என்று நினைக்கிறேன். மறைக்கல்வி வகுப்பில் பத்து வயதுப் பிள்ளையும் கேட்பதுதான் அது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடவுளுக்கு ஒரு லாபமும் இல்லை. இதில் திருச்சபைக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. விவிலியத்தின் 50ஆம் திருப்பாடலில் கடவுளே, தமக்குப் பசித்தால் நம்மிடம் சொல்லப்போவதில்லை, உலகமும் அதில் உள்ளதும் தம்முடையதே என்கிறார். நம் புகழ்ச்சி கடவுளின் பெருமையைக் கூட்டுவதில்லை, அது நமக்குத்தான் பயன்படுகிறது என்று திருப்பலியில் குருவானவர் சொல்லும் தொடக்கவுரைகளில் ஒன்றே சொல்கிறது. மீட்புக்கான பலி ஒரே முறை, சிலுவையில் நிறைவேறிவிட்டது என்பது விவிலியத்தில் உள்ள எபிரேயர் திருமுகத்தின் அழுத்தமான போதனை. ஆகவே நாம் நாற்பது நாள் விடும் காபியும் கறியும் அந்தக் கணக்கில் பாக்கி வைத்த தொகை அல்ல. "நான் இதை விடுகிறேன், எனக்கு விசா கிடைக்க வேண்டும்" என்று பேரம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டுதல், நேர்த்திக்கடன் என்ற வேறு வகை. பெங்களூரு விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமை நிற்கும் கூட்டத்தில் பலருக்கு அப்படி ஒரு வேண்டுதல் இருக்கும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தவக்கால ஒறுத்தல், அதாவது பிடித்ததை விரும்பி விடுவது, அதுவல்ல, அவ்வளவுதான்.

ஒறுத்தல் என்ற சொல்லே கொஞ்சம் குழப்பிவிடுகிறது. பழைய தமிழில் ஒறுத்தல் என்றால் தண்டித்தல். அதனால் உடம்பைத் தண்டித்தால் கடவுள் மகிழ்வார் என்ற எண்ணம் நம்மை அறியாமல் உள்ளே வந்துவிடுகிறது. தவக்காலம் எப்படி உருவானது என்று பார்த்தால் இது தெளியும். ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெறப்போகிறவர்கள் நோன்பிருந்து தயாரித்த காலம் அது. மற்ற விசுவாசிகளும், பெரிய பாவங்களுக்காகப் பகிரங்கமாகப் பரிகாரம் செய்தவர்களும் அவர்களோடு சேர்ந்து நோன்பிருந்தார்கள். ஆயர்கள் 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் விதிகளிலேயே நாற்பது நாள் என்ற பெயர் வருகிறது. இன்றைக்கும் ஈஸ்டர் இரவு வழிபாடான திருவிழிப்பில் மெழுகுதிரியோடு நிற்கும் நம்மிடம் குருவானவர் பாவத்தையும் சாத்தானாகிய அலகையையும் விட்டுவிடுகிறீர்களா என்று கேட்கிறார், விட்டுவிடுகிறேன் என்கிறோம். நாற்பது நாளும் சின்னச் சின்னதாக நாம் செய்வது அந்த ஒரு சொல்லுக்கான பயிற்சி. ஒரு டம்ளர் காபிக்கு "வேண்டாம்" சொல்லப் பழகாத வாய், கோபத்துக்கும் பேராசைக்கும் அந்த ராத்திரியில் திடீரென்று அதைச் சொல்லிவிடாது.

இதிலிருந்து ஒரு வேறுபாடு வருகிறது. பாவத்தை விடுவதை ஒறுத்தல் என்று சொல்லக் கூடாது. புறம்பேசுவதையும் ஆபீஸில் பொய்க்கணக்கு எழுதுவதையும் நாற்பது நாளைக்கு மட்டும் நிறுத்த முடியாது. அவற்றை என்றைக்குமே விட வேண்டும், அதற்குத்தான் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம். ஒறுத்தலில் நாம் விடுவது நல்ல பொருளை. காபி நல்லது, கறி நல்லது, இரவு படம் பார்ப்பதும் தப்பில்லை. நல்லதைத் தானாக விரும்பி விடுவதால்தான் அது காணிக்கை ஆகிறது.

இனி சட்டம். இங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1249 முதல் 1253 வரையிலான சட்டங்களின்படி, தவக்காலத்தில் நம் இலத்தீன் வழிபாட்டு முறையினருக்குக் கட்டாயமானது மிகக் குறைவு. திருநீற்றுப் புதனும் ஏழு வெள்ளிக்கிழமைகளும் சேர்ந்து எட்டு நாள் கறி தவிர்ப்பது. பெரியவர்கள் இதைச் சுத்த போசனம் என்பார்கள். அந்த எட்டில் இரண்டு நாள், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும், ஒருசந்தியும் சேரும். சூசையப்பர் என்னும் புனித வளனின் திருநாளான மார்ச் 19, மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25 போன்ற பெருவிழா வெள்ளியில் வந்தால் அன்று கறி தவிர்க்கும் கடமை இல்லை. 2022இல் மார்ச் 25 அப்படித்தான் வந்தது. கறி தவிர்ப்பு 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும் வரை. ஒருசந்தி என்றால் ஒரு முழுச் சாப்பாடு, காலையிலும் இரவிலும் சிறிதளவு, இடையில் நொறுக்குத்தீனி கிடையாது. காலையில் ஒரு இட்லி, மதியம் வயிறார சாதம், இரவு ஒரு டம்ளர் கஞ்சி என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரும் மருந்தும் ஒருசந்தியை முறிக்காது. நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வெயிலில் கட்டட வேலை செய்கிறவர்கள் ஆகியோரை இது கட்டுப்படுத்தாது. நியாயமான காரணம் இருந்தால் பங்குத்தந்தை விலக்கு கொடுக்கவோ வேறு நற்செயலாக மாற்றித் தரவோ சட்டத்தில் இடம் உண்டு. ஆயர் பேரவையும் இந்த விதிகளைத் தன் நாட்டுக்கு ஏற்ப மாற்றலாம் என்பதால் பங்கு அறிவிப்பையும் கவனியுங்கள்.

உங்கள் காபி இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. அது நீங்களே எடுத்த தீர்மானம். கடவுளுக்கு வார்த்தைப்பாடு என்று தெரிந்தே நேர்ந்துகொண்டிருந்தால் ஒழிய, அதை மீறியது பாவமில்லை. வெள்ளிக்கிழமை பிரியாணி அப்படியல்ல, அது கடமை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் தவ ஒழுங்கைத் திருத்தி எழுதியபோது, இந்த நாள்களை மொத்தத்தில் கடைப்பிடிப்பது கனமான கடமை என்றார். மறந்துபோய் ஒருநாள் சாப்பிட்டுவிட்டால் பாவமாகாது, பாதித் தட்டில் நினைவு வந்ததற்காகச் சோற்றைக் குப்பையில் கொட்டவும் வேண்டாம். ஆனால் "மெஸ்ஸில் அதுதானே போடுகிறார்கள்" என்று ஏழு வாரமும் கடப்பதை மறதியில் சேர்க்க முடியாது.

பீஸை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குஸ்காவாகச் சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் உறுதியில்லாத பகுதி தொடங்குகிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் கறியோடு கறிச்சாறையும் தடுத்தது. 1966 ஒழுங்கில் கறி மட்டுமே தடை. முட்டை, பால் பொருள்கள், கொழுப்பில் தாளித்தவை தடையில்லை. சாற்றைப் பற்றி அதில் பேச்சில்லை. அதனால் எழுத்துக்கு எழுத்து பார்த்தால் குஸ்கா தடையில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கறியோடு வெந்த சோறு கறிச்சோறுதான் என்பவர்களும் உண்டு. என் கருத்து: அன்று இரவு வேறு எதுவுமே கிடைக்கவில்லை என்றால் குஸ்காவைச் சாப்பிட்டுவிட்டு மனம் குழம்பாமல் தூங்குங்கள். வாராவாரம் அதையே ஏற்பாடாக வைத்துக்கொண்டால், சட்டத்தில் சந்து தேடுகிறீர்கள் என்று அர்த்தம். மீனும் அப்படித்தான். மீன் தடையில்லை என்பது உறுதி. பழைய சமையலில் கறி என்பது விருந்தின் அடையாளம், மீன் ஏழையின் சாப்பாடு. ரசல் மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கி வறுத்து வெள்ளிக்கிழமையைக் கழித்தால் சட்டம் காப்பாற்றப்படும், விடுதல் எதுவும் நடந்திருக்காது. நீங்கள் கடற்கரைக்காரர், மீனோடு ஒருநாள் போவதை உங்கள் வீட்டில் யாரும் கஷ்டம் என்று சொல்லமாட்டார்கள்.

அம்மா நாற்பது நாளும் கறி விடுவது சட்டம் அல்ல, வழக்கம். வழக்கம் என்றால் மட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் வைத்திருக்கும் தரையிலிருந்து பல தலைமுறைகள் எழுப்பிய சுவர் அது. தலையில் பூ வைக்காதது, கல்யாணம் வைக்காதது, பெரிய வெள்ளிக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது எல்லாம் அதில் சேர்ந்தவை. உங்கள் ஆபீஸ் மலையாளித் தோழர் திங்கட்கிழமையே நெற்றியில் சாம்பல் பூசி வந்தார், ஐம்பது நாள் என்கிறார் என்று ஆச்சரியப்பட்டிருந்தீர்கள். அவர் கேரளத்தின் சீரோ மலபார் வழிபாட்டு முறையினராக இருப்பார். அவர்களுக்கு நோன்பு நமக்கு இரண்டு நாள் முன்பே திங்களன்று தொடங்குகிறது, கறி முழுவதுமாக விடுவது அவர்கள் மரபு. இரண்டு பேரும் கத்தோலிக்கர்தான், ஒழுங்குமுறை மட்டும் வேறு.

இப்போது உங்கள் தலைவலி. காபியைத் திடீரென்று நிறுத்தினால் கடைசி டம்ளர் குடித்த 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி ஆரம்பிக்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட இழுக்கும். எரிச்சலும் கவனக்குறைவும் கூடவே வரும். நீங்கள் தோற்றது ஆன்மிகத்தில் அல்ல, தயாரிப்பில். நாளுக்கு நான்கு டம்ளர் குடிக்கிறவர் திருநீற்றுப் புதனுக்குப் பத்து நாள் முன்பிருந்தே இரண்டு மூன்று நாளுக்கு ஒரு டம்ளராகக் குறைத்துக்கொண்டு வந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. இதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். தவத்துக்கு உருவம் எது என்று வள்ளுவர் 261ஆம் குறளில் இரண்டு பாதியாகச் சொல்கிறார்: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாமல் இருப்பது. உங்கள் காபித் தவத்தில் முதல் பாதி இருந்தது, இரண்டாவது பாதியை ரூம்மேட் சுமந்தார். நாம் விடும் ஒன்றின் விலையை அடுத்தவர் கட்டுகிறார் என்றால் அந்த ஒறுத்தலை மாற்ற வேண்டும். வீட்டில் ஒருவர் கறியை விட்டதற்காக மனைவி இரண்டு விதமாகச் சமைத்து அல்லல்படும் குடும்பங்களும் இப்படித்தான் தடம் மாறுகின்றன.

உங்கள் ஏற்பாட்டில் முழுக்கவே விடுபட்டுப்போனது தருமம். விவிலியத்தின் எசாயா நூல் 58ஆம் அதிகாரத்தில் கடவுள் தமக்குப் பிடித்த நோன்பு எது என்று சொல்லும்போது பசித்தவரோடு உணவைப் பகிர்வதைச் சொல்கிறார். திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியும் சனியும் கோயிலில் வாசிக்கப்படுவது அந்த அதிகாரம்தான். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த எர்மாவின் மேய்ப்பர் என்ற கிறிஸ்தவ நூல் இதற்குச் செய்முறையே தருகிறது: நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொள், அன்று நீ சாப்பிட்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்குப் போடு, அந்தத் தொகையை விதவைக்கோ அநாதைக்கோ வறியவருக்கோ கொடு. அப்படிச் செய்தால் பெற்றவர் வயிறு நிறைந்து உனக்காக மன்றாடுவார் என்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் பேதுரு கிறிசோலோகு, செபமும் இரக்கமும் நோன்பும் ஒன்றுக்கொன்று உயிர் கொடுப்பவை, ஒன்றை மட்டும் வைத்திருப்பவரிடம் ஒன்றுமே இல்லை என்று பிரசங்கித்தார். நாம் விட்டது இன்னொருவர் கைக்குப் போய்ச் சேரும்போதுதான் ஒறுத்தல் முழுமையாகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இதைப் பெங்களூருக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மெஸ்ஸுக்கு மாதப் பணம் முன்பே கட்டிவிட்டீர்கள். நீங்கள் பிரியாணியைச் சாப்பிடாமல் இருந்தால் மிச்சம் மெஸ்காரருக்கு, ஏழைக்கு ஒரு ரூபாய் போகாது. ஆகவே கறியை விடுவது கடமைக்காக இருக்கட்டும். தருமத்துக்குக் கையிலிருந்து பணம் போகும் ஒன்றை எடுங்கள். தர்ஷினி ஓட்டலில் நின்று குடிக்கும் காபி 20 ரூபாய், நாளுக்கு இரண்டைக் குறைக்கிறீர்கள் என்று வையுங்கள். 40 ரூபாய், நாற்பது நாளுக்கு 1,600. ஸ்விகியில் வாரம் ஒரு ஆர்டரை நிறுத்தினால் இன்னும் கூடும். பணத்தை அன்றன்றே தனியாக எடுத்து வைக்க வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று விட்டால் ஈஸ்டர் நேரத்தில் ஊருக்குப் போகும் பஸ் டிக்கெட்டில் அது கரைந்துவிடும். ஒரு பழைய டப்பாவில் காசாகவே போடுங்கள், கையில் எடுத்துப் போடும்போது அதன் கனம் தெரியும். கொடுப்பதற்குப் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, திருச்சபையின் உதவி அமைப்பான காரித்தாஸ் இந்தியாவின் தவக்கால நிதி இருக்கிறது. உங்கள் பிஜி மாடிப்படியைத் துடைக்கும் அக்காவின் பிள்ளைக்குப் பள்ளி நோட்டு வாங்கித் தருவதும் அதே அளவு தருமம்தான், அவர் கூச்சப்படாதபடி கொடுத்தால்.

நோன்புக்கும் தருமத்துக்கும் அடுத்து மூன்றாவதாக வருவது செபம். காபியை விட்ட அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன செய்தீர்கள்? பெரும்பாலானவர்கள் போனை எடுத்திருப்பார்கள். மத்தேயு நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வது: வெளியே போன தீய ஆவி, வீடு கூட்டிப் பெருக்கிக் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. விட்ட இடம் காலியாக இருந்தால் ஈஸ்டர் அன்று பழையது இரண்டு மடங்காகத் திரும்பும். நாலு மணி காபி நேரத்தில் அன்றைய நற்செய்தியை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள், ஐந்து நிமிடம் போதும். "இன்ஸ்டாவைக் குறைக்கிறேன்" போன்ற தீர்மானம் நிற்காது, எங்கே மீறினோம் என்றே தெரியாது. "பத்து மணிக்கு மேல் போன் அலமாரியில்" என்றால் நிற்கும்.

ஞாயிறு பற்றி இரண்டு கருத்து உண்டு. திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு இல்லை என்பது பழைய மரபு. சொந்தத் தீர்மானத்தைத் தளர்த்தலாமா என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. இனிப்பை விட்டவர் ஞாயிறன்று சாப்பிடுவதில் தவறில்லை என்றுதான் சொல்வேன். காபியை முழுதாக நிறுத்தியவர் அப்படிச் செய்ய வேண்டாம். திங்கட்கிழமை தலைவலி மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

உடம்பு சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்களில் என் பேச்சு நிற்க வேண்டிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் டாக்டரிடம் கேட்காமல் ஒருசந்தி இருக்கக் கூடாது. சர்க்கரை இறங்கி மயங்கி விழுவதில் தவம் எதுவும் இல்லை. நம் ஆண்கள் பலர் தவக்காலத்துக்குக் குடியை நிறுத்துவார்கள், நல்லது. ஆனால் வருடக்கணக்காகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புவரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது.

மீதி நாள்களுக்கு உங்களுக்கு நான் சொல்வது இது. காபியை நாளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், காலையில். நாலு மணிக் காபியை விடுங்கள், அந்தக் காசு டப்பாவுக்கு, அந்த நேரம் நற்செய்திக்கு. ரூம்மேட்டிடம் தவக்காலத்தை விளக்க வேண்டாம், மன்னிப்பு மட்டும் கேளுங்கள். நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவித் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொன்னவர் இயேசு. ஒருநாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள், தண்டனையாக இரண்டு மடங்கு ஏற்றிக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமைப் பிரியாணிக்கு வழி சுலபம்: வியாழன் இரவே மெஸ் அண்ணனிடம் "நாளைக்கு எனக்குச் சாதம், ரசம், ஒரு முட்டை போதும்ணா" என்று சொல்லிவிடுங்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தம் போட்ட வாசனைக்கு நடுவில் நின்று முடிவெடுக்க முயல வேண்டாம்.